வலியில்லாத நேரம்: வெள்ளிமலையும் வானொலிப் பேச்சும்

மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவருக்கு உடனே ஒன்றும் ஆவதில்லை. வழக்கம்போலப் போதை ஏறும், வழக்கம்போலத் தூங்கிப்போவார். கல்லீரல் மட்டும் விழித்திருந்து வேலை செய்கிறது. மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், அதைப் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் அது மாற்றுகிறது. எறும்பு கடித்த இடத்தில் எரிச்சல் தருகிற அமிலம்தான் இது. இரத்தத்தில் இது சேர்ந்து பார்வை நரம்பைத் தாக்கத் தொடங்க 12 மணி முதல் 24 மணி நேரம்வரை ஆகலாம். கூடவே எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதன் பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்முன் பனி இறங்கியதுபோன்ற மங்கல். இந்த இடைவெளிக்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டால் டயாலிசிஸும் மாற்று மருந்தும் பலரைக் காப்பாற்றும். ஆனால், ஒன்றும் செய்யாத உடம்போடு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் அப்படிப்பட்ட இடைவெளிக்குள்தான் இருந்தார்கள். மறுநாள் காலை சாவுகள் தொடங்கியபோது, அவற்றுக்குக் கள்ளச்சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகம் முதலில் சொன்னது. அந்த மறுப்பை நம்பிப் பலர் சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. அன்றைக்கே ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. இறந்தவர்கள் 65 பேருக்கும் மேல். அதற்கு ஓர் ஆண்டு முன்னால், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

சாராயம் எங்கே காய்ச்சப்படுகிறது, யார் விற்கிறார்கள், யார் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் நிறையப் பேசப்பட்டுவிட்டன. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அந்த 12 மணி நேரத்தை. வலி வந்தால் மனிதன் தானாக நடப்பான். வலியில்லாத நேரத்தில் அவனை நடக்கவைக்க ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லை அவன் நம்பவும் வேண்டும். அன்றாட உடல்நலம், அறிவியல், கலை, ஊர்ப் பிரச்சினை ஆகியவற்றைப் பேசுகிற வானொலியால் அப்படி ஒரு சொல்லாக இருக்க முடியுமா? கள்ளக்குறிச்சிக்கு மேலே இருக்கும் வெள்ளிமலையை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம்.

கீழிருந்து வந்த குரல்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சி, சேலம், தர்மபுரி மாவட்டங்களுக்குள் பரவிக் கிடக்கிறது. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரம். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டிச் சாலை மேலேறி வளைந்து வெள்ளிமலைக்குப் போகிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன்மலை வட்டத்துக்கு வெள்ளிமலையே தலைமையிடம். கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, கிளாக்காடு, தொரடிப்பட்டு என்று ஊர்கள் மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கின்றன. சாமை, கேழ்வரகு, மரவள்ளி விளைகின்றன. காட்டிலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் வருகின்றன.

இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறியதாக அவர்களது வழிவழிக் கதை சொல்கிறது.

கதை போகட்டும், வரலாறு இறுக்கமானது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் 1976வரை இந்த மலை இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்தே ஜாகிர் முறை இங்கே முடிவுக்கு வந்தது. நிலத்துக்கு வரி, விளைச்சலில் பங்கு, கூலியில்லாத உழைப்பு என்று வாழ்ந்தவர்கள் இன்னும் இங்கே மூத்த தலைமுறையாக இருக்கிறார்கள். 2024 கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம், நிலப்பட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது.

ஜாகிர்தாரின் ஆள், வனக்காவலர், வரி வாங்க வந்தவர், சாராய ரெய்டுக்கு வந்தவர் என்று, வெளியிலிருந்து இந்த மலைக்குள் வந்த குரல்களில் பெரும்பாலானவை உத்தரவுக் குரல்கள். பதில் கேட்க வந்தவர்கள் குறைவு. கேள்வி கேட்க இடம் தந்தவர்கள் அதைவிடக் குறைவு. உடல்நலச் செய்தியும் கீழிருந்து வருகிற இன்னோர் உத்தரவாகவே காதில் விழுமென்றால் அதன் கதி முன்பே தெரிந்ததுதான்.

வலி வருமுன்

மெத்தனால் மட்டும்தான் வலியில்லாத நேரத்தை விட்டுவைக்கிறது என்றில்லை. கிராமத்து உடல்நலத்தில் பாதிக் கணக்கு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்வோம். இரவில் வருவது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். கடிவாயில் வீக்கம் அதிகம் இராது, வலியும் பெரிதாக இராது. பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றைப் பிசைகிறது என்பார்கள், இமை தானாக மூடிக்கொள்ளும், பிறகு விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். வயிற்றுவலிக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கும் நேரத்தில் விஷமுறிவு மருந்துக்கான நேரம் போய்விடுகிறது. அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பெரிதும் எடுத்துத் தருபவர்கள் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978இல் தொடங்கிய சங்கம் அது. ஒரு பழங்குடியின் கைத்திறன் இன்னொரு பழங்குடியின் உயிரைக் காக்கிறது என்பதை மலையில் யாராவது கதையாகச் சொன்னால், மருந்தின் மீதான அச்சமே பாதி குறையும். தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அரசாணை மருத்துவமனைக்குப் போகும். தரையில் படுத்திருப்பவரின் காதுக்குப் போக வேறு வழி வேண்டும்.

பேறுகாலமும் அப்படித்தான். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், நாள் நெருங்கிய கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து துணையோடு தங்கியிருக்கக் காத்திருப்பு அறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்படுத்தியது. நல்ல ஏற்பாடு. அது பயன்பட வேண்டுமென்றால் வலி எடுக்கும் முன்பே அந்தப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஆட்டை யார் பார்ப்பது, பெரிய குழந்தைக்கு யார் சோறு போடுவது, மாமியார் என்ன சொல்வார், இவற்றுக்கெல்லாம் வீட்டில் பேச்சு நடந்தால்தான் கிளம்ப முடியும். இரத்தக் கொதிப்பின் வலியில்லாத நேரமோ ஆண்டுக்கணக்கில் நீளும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. ‘எனக்கு ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு மாத்திரை?’ என்ற கேள்விக்கு விடையையும் யாராவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

நேயர் என்ற சொல்

தமிழில் வானொலி இதற்கெல்லாம் முயன்று பார்த்திருக்கிறது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924இல் தொடங்கிய ரேடியோ கிளப் பணமின்றி மூன்று ஆண்டுகளில் நின்றது. அதன் கருவிகளைக் கொண்டு 1930இல் சென்னை மாநகராட்சி ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டிக் கேட்கவைத்தார்கள். 1938இல் சென்னை, 1939இல் திருச்சி என்று அகில இந்திய வானொலி வந்தது.

திருச்சி நிலையத்தின் பேச்சால் ஒரு நெல் வானொலியின் பெயரையே சுமந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால ரகத்தை வெளியிட்டது. ஜப்பானிய ரகத்தோடு நம் ஜி.இ.பி. 24ஐ ஒட்டிப் பிறந்தது. தஞ்சை விவசாயிகள் அதைப் பற்றி வானொலியில் கேட்டு, விதை வாங்கி, நட்டு, கடைசியில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அறிவியல் செய்தியை மக்கள் தமதாக்கிக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் அரிது. ஆனால் அந்த நெல் வெறும் அலையில் மிதந்து வரவில்லை. வானொலிக்குப் பின்னால் தஞ்சையின் தீவிர வேளாண் திட்டமும், கிராம சேவக்கும், கூட்டுறவுக் கடனும், பக்கத்து வயலில் நட்டுக் காட்டிய ஒருவரும் இருந்தார்கள். பஞ்சாயத்து ரேடியோ அறைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள், கேட்டு முடித்ததும் அங்கேயே விவாதித்தார்கள்.

பின்னாளில் ‘இன்று ஒரு தகவல்’ மூலம் தமிழகமே அறிந்த தென்கச்சி கோ. சுவாமிநாதனும் வேளாண்மை படித்தவர். நெல்லை வானொலியில் விவசாயிகளுக்காகப் பேசியே குரலைப் பழக்கிக்கொண்டவர். பெரிய செய்தியைச் சின்னக் கதைக்குள் வைத்து, கடைசியில் சிரிக்கவைத்து முடிப்பார். திண்ணையில் உட்கார்ந்து எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசிப் பழகியவரின் உத்தி அது.

கேட்பவரைக் குறிக்கத் தமிழ் வானொலி எடுத்துக்கொண்ட சொல் ‘நேயர்’. நேயம் உள்ளவர். நேயர் கடிதம், நேயர் விருப்பம் என்று அந்தச் சொல் வளர்ந்தது. அஞ்சலட்டை வாங்கி, பெயர், ஊர் எழுதி அனுப்பிவிட்டு, தன் பெயர் ஒலிக்கும் நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். வானொலிக்குப் பதில் பேச்சு உண்டு என்ற உரிமை அந்தச் சொல்லில் அடங்கியிருந்தது. பிறகு பாட்டு அந்த உரிமையை விழுங்கியது. இன்று பண்பலையில் நேயர் பேசலாம். பெரும்பாலும் தனக்குப் பிடித்த நடிகரைப் பற்றி.

அளந்து பார்த்தவர்கள்

பேச்சு வானொலி பயன் தருமா என்பதை உணர்ச்சியால் மட்டும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. சிலர் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கனடாவில் 1941 முதல் 1965வரை பண்ணை வானொலி மன்றம் நடந்தது. திங்கள் இரவுகளில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி, ஒலிபரப்பைக் கேட்டு, விவாதித்து, தங்கள் முடிவை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். அந்த விடைகள் திரும்ப ஒலிபரப்பில் வந்தன. 1956இல் யுனெஸ்கோ துணையோடு அகில இந்திய வானொலி இதைப் புனே வட்டாரத்தில் மராத்தியில் சோதித்தது. சுமார் 150 ஊர்களில் மன்றங்கள், 20 ஒலிபரப்புகள், பேச்சை நடத்த ஊருக்கொருவர். சமூகவியலாளர் பால் நியூராத் இதை ஆராய்ந்தார். மன்றம் வைத்த ஊர்களை, வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களோடும், பெட்டியே இல்லாத ஊர்களோடும் ஒப்பிட்டார். மன்ற ஊர்களில் அறிவு தெளிவாக உயர்ந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்கள், பெட்டியே இல்லாத ஊர்களைவிட அதிகம் முன்னேறிவிடவில்லை. குரல் ஒன்றுதான், கேட்ட பிறகு பேச ஆள் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

இன்னொரு சோதனை மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் 2012 முதல் 2015வரை நடந்தது. 14 வட்டாரங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஏழு வட்டாரங்களில் உள்ளூர் வானொலிகள் தினமும் பல முறை குழந்தை நலம் பேசின, ஏழில் இல்லை. முடிவு எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. குழந்தைச் சாவுகளில் வேறுபாட்டை அந்த ஆய்வால் நேரடியாகக் காட்ட முடியவில்லை. ஆனால் மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று குழந்தைகளைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிவந்தோர் தொகை வானொலி பேசிய வட்டாரங்களில் கூடியது. வானொலி மருந்து தராது. மருந்து இருக்கும் இடத்துக்கு நடக்கவைக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் மருந்தும் மருத்துவரும் இல்லையென்றால் அடுத்த முறை வானொலியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அலையும் ஆணையும்

வெள்ளிமலையில் இதையெல்லாம் செய்ய இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று இயற்கை வைத்தது, மற்றது அரசு வைத்தது.

திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். நீளமான அலை தரையைத் தழுவிப் போகும், மேட்டைச் சுற்றி வளையும். பண்பலையில் சமுதாய வானொலிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 90.4 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்கும் குறைவு. அது கிட்டத்தட்ட ஒளியைப் போல நேர்கோட்டில் போகும். குன்று குறுக்கிட்டால் அதன் பின்னால் நிழல் விழும். சமவெளியில் 30 மீட்டர் கம்பத்திலிருந்து தொடுவானம் 22 கிலோமீட்டருக்கு மேல். பள்ளத்தாக்கில் அடுத்த முகடே தொடுவானம். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் திறன் பொதுவாக 100 வாட், கம்பம் 30 மீட்டர். வெள்ளிமலையில் அப்படி ஒரு கம்பம் நட்டால் எதிர்ச்சரிவில் தெளிவாகக் கேட்கும், மறுசரிவில் இரைச்சல்தான். இது தோல்வி ஆகாது. ஒரு கம்பம் முழு மலைக்கும் பேசாது, ஒரு பள்ளத்தாக்குக்குப் பேசும் என்று தெரிந்துகொண்டு திட்டமிட வேண்டும், அவ்வளவே.

அடுத்தது ஆணை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி திறந்துவிடப்பட்டது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கோடு உருவாக வேண்டும், முடிந்தவரை உள்ளூர் வழக்கில் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். மெச்சத்தக்க விதிகள். கூடவே இன்னொன்றும் இருக்கிறது: சொந்தமாகச் செய்தி கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம்.

தனியார் பண்பலைக்கான 2011ஆம் ஆண்டுக் கொள்கை, எவற்றைச் ‘செய்தி அல்லாதவை’யாகக் கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. வானிலை, தேர்வு முடிவு, மின்தடை, இயற்கைச் சீற்றம், உடல்நல எச்சரிக்கை ஆகியவற்றை அறிவிக்கலாம். ஆனால் பொது அறிவிப்புகள் உள்ளூர் நிர்வாகம் தந்தபடி இருக்க வேண்டும். கருணாபுரத்தின் அந்தக் காலையை இந்த வரியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். எச்சரிக்கையைத் தரவேண்டிய நிர்வாகமே காரணம் அதுவல்ல என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், விதிக்குக் கட்டுப்பட்ட வானொலி என்ன சொல்லியிருக்க முடியும்? பாட்டுப் போட்டிருக்கும்.

ஒரு வழி இருந்தது. அன்றைய சாவைப் பற்றிப் பேசாமலேயே, மெத்தனால் உடம்பில் என்ன செய்யும் என்பதை எந்த வானொலியும் எந்த நாளும் பேசலாம். அது செய்தியில் சேராது, அறிவியலில் சேரும். எக்கியார்குப்பத்துக்குப் பிந்தைய ஓராண்டு முழுவதும் அதைத் திரும்பத் திரும்பப் பேசியிருந்தால், கருணாபுரத்தில் யாராவது ஒரு மனைவி ஆட்சியரின் அறிவிப்புக்குக் காத்திராமல் கணவனை ஆட்டோவில் ஏற்றியிருக்கக்கூடும். ஆபத்து வரும் நாளில் சொல்ல முடியாததை, ஆபத்து இல்லாத நாளில் சொல்லிவைப்பதுதான் பேச்சு வானொலியின் வேலை.

பாதி கேட்ட உண்மை

இதில் ஒரு கத்தி முனை இருக்கிறது. மெத்தனால் நஞ்சுக்கு மருத்துவமனைகளில் எத்தனாலும் ஒரு மாற்று மருந்தாகப் பயன்பட்டிருக்கிறது. கல்லீரலின் அதே நொதிக்கு இரண்டும் போட்டியிடுவதால், எத்தனால் முந்திக்கொள்ள, மெத்தனால் அமிலமாக மாறாமல் வெளியேற நேரம் கிடைக்கும். அளவு பார்த்து, இரத்தத்தைச் சோதித்து, மருத்துவர் கண்காணிப்பில் செய்வது. இதை வானொலியில் சொன்னால் அடுப்படியில் பாதி கேட்டவர் என்ன புரிந்துகொள்வார்? ‘கெட்ட சரக்குக்கு நல்ல சரக்கு மருந்தாம்.’ சொல்லாமல் விட்டால், ஏற்கெனவே எங்கோ கேட்டவர் தன் போக்கில் நம்பிக்கொண்டிருப்பார்.

ஒருவழிப் பேச்சால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. யாரோ ஒருவர் தொலைபேசியில் வந்து, ‘அப்படின்னா கடைச் சரக்கு வாங்கிக் குடுத்தா சரியாப்போயிடுமா?’ என்று கேட்க வேண்டும். மருத்துவர் அதற்குச் சிரிக்காமல், ‘ஆகாது, ஏன் ஆகாதுன்னா’ என்று விடை சொல்ல வேண்டும். ஊரே மனதில் வைத்திருந்த கேள்வியை ஒருவர் ஊருக்காகக் கேட்டுவிடுகிறார். நிபுணர் அறிந்ததைச் சொல்ல நூறு வழிகள் உண்டு. கேட்பவர் எதைத் தவறாகப் புரிந்திருக்கிறார் என்று அறியக் கேள்வி ஒன்றே வழி.

தொலைபேசியில் கேள்வி வருவதால் மட்டும் ஒன்று பேச்சு வானொலி ஆகிவிடாது. காசு கொடுத்து நேரம் வாங்கி, சர்க்கரை முதல் குழந்தையின்மைவரை எல்லாவற்றுக்கும் ஒரே லேகியம் விற்பவர்களும் நேயர் அழைப்பு வைத்தே நடத்துகிறார்கள். இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடைசெய்யும் சட்டம் 1954இலிருந்தே இருக்கிறது. அங்கே கேள்விகள் லேகியத்துக்காகவே வருகின்றன. 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி நிலையம் கொலைக்குத் தூண்டியதையும் உலகம் கேட்டது. குரல் நெருக்கமானது என்பதாலேயே நல்லது ஆகிவிடாது. யார் காசு, யார் கேள்வி, தவறு சொன்னால் யார் பொறுப்பு என்பதே உரைகல்.

‘கையில் செல்போன் இருக்கும்போது இனி எதற்கு வானொலி?’ என்று கேட்கலாம். வாட்ஸாப்பில் வரும் மருத்துவக் குறிப்புக்குச் சொந்தக்காரர் இல்லை. தவறென்று தெரிந்தால் பிடிக்க ஆள் இல்லை. மலைச்சரிவில் எல்லா இடத்திலும் சிக்னலும் இல்லை. வீட்டில் ஒரே போன் என்றால் அது பெரும்பாலும் ஆண் கையில். அடுப்படியில், களத்துமேட்டில், மரவள்ளி உரிக்கும் இடத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரே பேச்சைக் கேட்க வானொலிபோல் எளிதான கருவி இன்னும் வரவில்லை.

கட்டியங்காரன் வேண்டும்

மாதிரிகள் அருகிலேயே இருக்கின்றன. தெலங்கானாவின் மாச்சனூரில் 2008 முதல் நடக்கும் சங்கம் ரேடியோவைத் தலித் பெண்களே நடத்துகிறார்கள். சிறுதானியமும் விதையும் அவர்களது முதன்மைப் பேச்சு. வயநாட்டின் மாற்றொலி 2009 முதல் பழங்குடி மொழிகளுக்கும் நேரம் தருகிறது. பாம்பனில் கடல் ஓசை மீனவர்களுக்குக் காற்றையும் கடலையும் சொல்கிறது. கோத்தகிரியின் சமுதாய வானொலியில் நீலகிரிப் பழங்குடியினர் தங்கள் மொழியிலேயே பேசுகிறார்கள். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சி.ஜி.நெட் ஸ்வரா, கம்பமும் உரிமமும் இல்லாமலே, ஒரு மிஸ்டு கால் மூலம் கோண்டி பேசுபவரின் குறையைப் பதிவுசெய்து மற்றவர் கேட்கவைத்தது. நிழல் விழும் மலைக்கு இது ஒரு பாடம். முகட்டின் இந்தப் பக்கம் கம்பம், அந்தப் பக்கம் தொலைபேசி என்று இரண்டையும் இணைக்கலாம்.

வெள்ளிமலைக்கு மிகப் பொருத்தமான மாதிரி வானொலிக்கு வெளியே, இந்த வட்டாரத்தின் கூத்துக் களரியிலேயே நிற்கிறது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து மண். துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சுற்றிவரும்போது கட்டியங்காரன் குறுக்கே வந்து, ‘மகாராசா, நீங்க யாரு, எந்த ஊரு?’ என்று கேட்பான். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு எழும் சந்தேகத்தை அவன் ராசாவிடம் கேட்கிறான். ராசாவின் செந்தமிழை அவளுக்கு அவள் பேச்சில் சொல்கிறான். இடையில் ஊர்த்தலைவரையும் ஒரு குத்து குத்துகிறான். ராசா கோபித்துக்கொள்ள முடியாது. அது கூத்தின் சட்டம். பேச்சு வானொலியின் தொகுப்பாளர் வேலைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

அப்படி ஒரு கட்டியங்காரர் மலையிலேயே பிறந்தவராக இருந்தால் அவர் நடத்தும் ஒரு மணி நேர நிகழ்ச்சி என்ன பேசும்? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை உட்காரவைத்து, ராத்திரி வயிற்றுவலி எப்போது வயிற்றுவலி, எப்போது கட்டுவிரியன் என்று கேட்கும். சாமைக்கு மேலே உமி இருந்தவரை இருந்த சத்து, வெள்ளையாகத் தீட்டியதும் எங்கே போகிறது என்று கேட்கும். மலையாளி மக்களின் சேர்வையாட்டத்தை ஆடத் தெரிந்த மூத்தவரைப் பாடவைத்து, எந்த விதைப்புக்கு எந்தப் பாட்டு என்று கேட்கும். கடுக்காய்க்குக் கீழே என்ன விலை, இங்கே என்ன விலை என்று கேட்கும். ஆந்திர வனத்துக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போகும் ஏஜென்ட் முன்பணம் தரும்போது, 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரையும் நினைவுபடுத்தும். இவற்றில் எது உடல்நலம், எது அறிவியல், எது சமூகம் என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டியதும் இல்லை. திண்ணையில் யாரும் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை.

புனேயின் பாடத்தைச் சேர்த்தால் இன்னொன்றும் வேண்டும். ஒலிபரப்பு முடிந்ததும் பெட்டியைச் சுற்றி ஒரு கால் மணி நேரம். மகளிர் குழுக் கூட்டத்திலோ பள்ளி விடுதியிலோ ரேஷன் கடை வரிசையிலோ கேட்டதைப் பற்றி ஊர் பேச வேண்டும். அங்கே எழும் கேள்வி மறுவாரம் ஒலிக்க வேண்டும். நிலையத்துக்கு ஆகும் செலவைவிட இந்தக் கால் மணி நேரத்துக்கு ஆகும் உழைப்பே அதிகம். பெரும்பாலான திட்டங்கள் கம்பம் நட்டுத் திறப்பு விழா நடத்தியதோடு நின்றுபோவதும் இந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காததால்தான்.

ஜாகிர் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. இந்த மலைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல இன்று பல துறைகள் இருக்கின்றன. மலை கேட்க வேண்டியதைக் கேட்க ஓர் இடம் இன்னும் இல்லை. பெரிய கேள்விகள் ஒன்றும் தேவையில்லை. ஓர் இரவில், தூங்கிக்கொண்டிருக்கும் கணவனைப் பார்த்தபடி ஒரு பெண் போனை எடுத்து, ‘நேத்து எல்லாரும் குடிச்ச அதைத்தான் இவரும் குடிச்சாரு. ஒண்ணும் பண்ணலைங்கறாரு. அப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போவணுமா?’ என்று கேட்டால், அவளுக்குத் தெரிந்த ஒரு குரல், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல வேண்டும்: ‘போவணும்.’